சுவரிலே எழுந்த ஆட்டங்கள்

சூதாடி நாடிழந்தோர் இருவர் கதையை மகாபாரதம் கூறும். தருமனும் நளனும் காயை உருட்டி அரசைத் தோற்றவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மைசூரில் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலையாம். ஆங்கு அரசு முதலிற் போயிற்று. ஆட்டம் பின்னரே பெருகிற்று. அவ்வாட்டங்கள் தெய்வங்களின் பெயர் தாங்கி, ஈற்றில் ஒரு மாளிகையின் சுவர்களையே தமக்கு இடமாகக் கொண்டன. அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆந் திகதி சீரங்கபட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்தபோது, ஆங்கிலேயர் பழைய உடையார் மரபிலிருந்து ஐந்து வயது நிரம்பாத ஒரு பாலகனை அரியணையில் அமர்த்தினர். அவரே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். திவான் பூர்ணையா ஆட்சியை நடத்தி, மன்னர் வளர்ந்தபின் அதனை ஒப்படைத்தார். 1830இல் நகர் என்னும் பகுதியிற் குடியானவர் கிளர்ச்சி மூண்டது. அதனைக் காரணங்காட்டிப் பெந்திங்குப் பிரபு 1831இல் ஆட்சியைக் கும்பினியார் கைக்கு மாற்றினார். முப்பத்தேழு வயதிலே மன்னர் வெறும் பட்டத்தோடு நின்றார். 1834 முதல் 1861 வரை நாட்டை ஆண்டவர் மார்க் கப்பன் என்னும் ஆணையாளரே.

இக்காலத்து மன்னர் ஆதரவில் எழுந்த பெருநூல் ஸ்ரீதத்துவநிதி. அது ஒன்பது நிதிகளாக வகுக்கப்பட்டது. சக்தி, விஷ்ணு, சிவன், பிரமன், கோள்கள் முதலியோரின் வடிவங்களைத் தியான சுலோகங்களோடும் வண்ணப் படங்களோடும் விளக்கிச் செல்லும் அந்நூலின் இறுதிப் பகுதிக்குக் கௌதுகநிதி என்று பெயர். விளையாட்டுக்கள் அங்கேதான் இடம்பெறுகின்றன. 122 யோகாசனங்களும் அங்கேயே உள்ளன. தெய்வத் திருவுருவங்களையும் ஆடுபலகைகளையும் ஒரே நூலின் உறுப்புக்களாக வைத்த மனம் எத்தகையது என்பதே நாம் வினாவ வேண்டியது.

கஞ்சீபா எனப்படும் வட்டச் சீட்டுக்கள் அக்காலத்திற்கு முன்னரே இந்தியாவிற் பரவியிருந்தன. மொகலாயர் சீட்டுக் கட்டில் எட்டு இனங்களும் 96 சீட்டுக்களும் உண்டு. இந்துக்கள் அதனைத் தசாவதாரக் கஞ்சீபாவாக மாற்றியபோது இனங்கள் பத்தாயின. இனமொன்றுக்கு அரசன், மந்திரி, ஒன்று முதல் பத்து வரை எண்கள் எனப் பன்னிரண்டாக 120 சீட்டுக்கள் சேர்ந்தன. பகலில் ஆடினால் இராமன் சீட்டும், இரவில் ஆடினால் கிருஷ்ணன் சீட்டும் ஆட்டத்தைத் தொடங்கும் என்பது விதி. ஐந்து அவதாரங்களில் பத்தாம் எண் பெரியது. ஏனைய ஐந்திலோ ஒன்றாம் எண்ணே பெரியது. இதனை நினைவில் வைத்து ஆடுவது எளிதன்று.

மைசூர் மன்னர் இதனோடு அமையவில்லை. 'சத்' என வழங்கும் புதிய சீட்டாட்டங்கள் பதின்மூன்றை அவர் வகுத்தார். 36 சீட்டில் அடங்குவதும் உண்டு. 360 சீட்டு வரை விரிவதும் உண்டு. சாமுண்டேசுவரி, நவக்கிரகம், பஞ்சபாண்டவர், திக்குப்பாலகர் எனப் பெயர்கள் செல்கின்றன. 360 சீட்டுக்களை ஏந்தி ஆடியவர் எத்தனை பேரோ! எனக்குத் தோன்றுவது, பெரிய கட்டுக்கள் ஆடுதற்கென்பதினும் காண்பதற்கும் ஒழுங்கு செய்வதற்குமே எழுந்தன என்பதாம். கோள்களையும் திசைகளையும் நிரல்படுத்திய ஒரு சிற்றண்டத்தை ஒருவர் மடிமீது பரப்பியிருத்தல் போன்றது அது.

சதுரங்கக் குதிரையை ஒரு கட்டத்தில் இருமுறை வையாது பலகை முழுதும் செலுத்தும் ஓட்டத்திலும் மன்னர் வல்லவர். 144 கட்டப் பலகையில் அவர் அமைத்த ஓட்டமொன்றில் நெடுக்கும் குறுக்கும் கூட்டுத்தொகை 870 ஆகும். இக்கலையும் சமயத்துக்குப் புறம்பானதன்று. வேதாந்த தேசிகர் தமது பாதுகாசகஸ்ரத்தில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துக்களைக் கட்டங்களில் நிறுத்திக் குதிரை நடையிற் படித்தால் அடுத்த சுலோகம் தோன்றுமாறு பாடியுள்ளார்.

1861இல் எழுந்த ஜகன்மோகன மாளிகையின் மேல்மாடத்தில் ரங்கமகால் என்னும் கூடம் உண்டு. அதன் சுவர்களிலே மன்னரின் ஆட்டங்கள் ஓவியங்களாகத் தீட்டப்பட்டன. இங்கே நின்று நோக்குவோர்க்குப் பதேப்பூர் சிக்கிரி நினைவுக்கு வரும். ஆங்கே அக்பரின் முற்றத்திற் பச்சீசி ஆட்டத்தின் சிலுவை வடிவம் கல்லிற் பதிந்துள்ளது. பணிப்பெண்களையே காய்களாக நிறுத்தி ஆடினான் என்பது பிற்காலத்தார் விரும்பிக் கூறும் கதை. அது உண்மையாயினும் அன்றாயினும், அம்முற்றம் பிறரை நகர்த்தும் வலியுடைய பேரரசனுக்கு உரியது. மைசூர்க் கூடத்திலோ காய்களை நகர்த்த இயலாது. ஆட்டம் நிமிர்ந்து சுவரேறிவிட்டது. புகுவோர் அதன் நடுவே நிற்கின்றனர்.

பொழுது போகாத மன்னன் செய்த வேடிக்கை இது என்று இதனைத் தள்ளிவிடுவாரும் உளர். அங்ஙனங் கொள்வது பொருந்தாது. அம்மாளிகைச் சுவரிலேயே உடையார் கொடிவழி தாமரையாக விரியும் சந்தானாம்புஜமும் தீட்டப்பட்டுள்ளது. பதின்மூன்று ஆட்டங்களில் ஒன்றிற்கு மன்னர் தம் பெயரையே இட்டுக் கிருஷ்ணராஜ சத் என்றார். அரசுரிமையை மீட்க ஆங்கிலேயருக்கு விண்ணப்பங்கள் விடுத்துக்கொண்டிருந்தவரும் இவரே. தெய்வம், கோள், மரபு, மன்னன் என்னும் ஒழுங்கு ஆணையாளரின் அலுவலகத்தில் இல்லை. ஆகவே மன்னர் அதனைச் சீட்டிலும் சுவரிலும் நிலைநாட்டினார் என்றே யான் கருதுகின்றேன். ஆட்டத்தில் விதியை வகுப்பவன் அரசனேயன்றோ?

மைந்தன் இன்மையால் 1865இல் அவர் சாமராஜேந்திரனைத் தத்தெடுத்தார். அத்தத்துரிமையை ஏற்று நாட்டை மீள அளிப்பதாக இலண்டன் அரசாங்கம் 1867இல் இசைந்தது. மறு ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆந் திகதி மன்னர் மறைந்தார். 1881இல் மைசூரின் ஆட்சி அவ்வளர்ப்பு மைந்தன் கைக்கு மீண்டது. ஜகன்மோகன மாளிகை 1915இல் கலைக்கூடமாயிற்று.