கடற்குற்றத்தின் கரை வேர்கள்: கிறிஸ்டியன் பியூகரின் ஆய்வுகளை முன்வைத்து

உலக வணிகச் சரக்கில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கப்பலேறியே செல்கிறது. இருந்தும், பன்னாட்டு உறவுகளை ஆய்வோர் நெடுங்காலம் கடலைக் கண்டுகொள்ளவில்லை. கண்டபோதும் வல்லரசுகளின் போர்க்கப்பல்களையே கண்டனர். கொள்ளையும் கடத்தலும் காவல்துறையின் சில்லறை வழக்குகளாக ஒதுக்கப்பட்டன. சோமாலியக் கடற்கொள்ளை இந்த மெத்தனத்தைக் கலைத்தது. அதை ஊன்றி ஆராய்ந்து, கடல்சார் பாதுகாப்பைத் தனி ஆய்வுத் துறையாக வளர்த்தோருள் முக்கியமானவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு உறவுகள் பேராசிரியர் கிறிஸ்டியன் பியூகர். கடலில் நடக்கும் குற்றத்துக்குக் கரையில் வேர் உண்டு என்பதே அவருடைய எழுத்துகளிலிருந்து நாம் பெறும் தலையாய பாடம்.

1991இல் சோமாலிய அரசு குலைந்தபின், காவலற்ற அந்தக் கடலில் அயல்நாட்டுக் கப்பல்கள் மீனை அள்ளிச் சென்றன. பின்னாளில் சரக்குக் கப்பல்களைக் கடத்திப் பணம் பறித்தவர்கள், தங்களைக் கொள்ளையர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கடலைக் காக்கும் காவல்படை என்றே சொல்லிக்கொண்டனர். இதை வெற்றுச் சாக்கு என்று தள்ளியவர்கள் உண்டு; அப்படியே நம்பியவர்களும் உண்டு. 2013இல் வெளிவந்த கட்டுரையில் பியூகர் வேறொரு கேள்வியை எழுப்பினார்: இந்தக் கதை அங்கே என்ன வேலை செய்கிறது? அது புதிய ஆட்களை ஈர்க்கிறது, ஊராரின் ஒப்புதலை வாங்கித் தருகிறது, கொள்ளைக்கு நியாயத்தின் சாயலைப் பூசுகிறது. ஆகவே, படகுகளைப் பிடித்தால் மட்டும் போதாது. அந்தக் கதைக்குத் தீனி போடும் மீன்வளச் சுரண்டலும் நிற்க வேண்டும்.

சோமாலியக் கொள்ளையரின் தாக்குதல்கள் 2011இல் 237 எனப் பன்னாட்டுக் கடல்சார் பணியகம் கணக்கிட்டது. 2013இல் அது 15 ஆகச் சுருங்கியது. கடற்படைகளின் ரோந்து, கப்பல்களில் ஏறிய ஆயுதக் காவலர்கள், கென்யாவிலும் செஷல்ஸிலும் நடந்த வழக்குகள் எல்லாம் சேர்ந்தே இதைச் சாதித்தன. இவற்றை ஒருங்கிணைக்க 2009இல் உருவான தொடர்புக் குழுவைப் பியூகர் அருகிருந்து ஆராய்ந்தார். தனி ஒப்பந்தமோ நிலையான செயலகமோ இல்லாத அக்குழுவில் அரசுகளும் கப்பல் நிறுவனங்களும் ஒரே மேசையில் அமர்ந்தன. சட்டநூலில் எழுதியிருப்பதைப் போலவே, அதிகாரிகள் அன்றாடம் பழகிக்கொள்ளும் நடைமுறைகளும் கடலின் ஒழுங்கைத் தீர்மானிக்கின்றன என்ற அவரது பார்வைக்கு இது வலுவான சான்று.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் திமோதி எட்மண்ட்ஸுடன் இணைந்து 2020இல் எழுதிய கட்டுரையில் கடற்குற்றங்களை அவர் மூன்றாக வகுத்தார். கொள்ளை போன்று கப்பல் போக்குவரத்தைத் தாக்குபவை முதல் வகை. போதைப்பொருள், ஆயுதம், மனிதர் என எதையும் கடல்வழியே கடத்துபவை இரண்டாம் வகை. சட்டவிரோத மீன்பிடிப்பு, கழிவு கொட்டுதல் என்று கடலையே சிதைப்பவை மூன்றாம் வகை. இந்த வகைப்பாட்டின் பயன் பிரிப்பதில் இல்லை. ஒன்று மற்றொன்றுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்க வைப்பதில் இருக்கிறது. ஒரே படகு இன்று மீன் பிடிக்கும், நாளை சரக்கு கடத்தும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையோ, எந்த நாட்டின் ஆட்சிக்கும் உட்படாத கடற்பரப்பில், சொந்த ஆதாயத்துக்காக ஒரு கப்பல் இன்னொன்றைத் தாக்குவதையே கடற்கொள்ளை என்கிறது. அதே செயல் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடந்தால் அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பாடு. குற்றவாளிக்கு இந்தக் கோடுகள் வசதி; காவலருக்கோ தடை.

இந்தச் சிக்கலைத் தமிழகக் கரை நேரடியாகவே அனுபவித்திருக்கிறது. கொள்ளை அபாயப் பகுதி என்று கப்பல் துறை வரைந்த எல்லை 2010இல் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வரை நீண்டது. அதாவது கன்னியாகுமரியையும் தாண்டியது. மேலைக் கடற்கரை மீனவர்கள் அன்றாடம் தொழில் செய்யும் கடல் முழுவதும், ஆயுதமேந்திய காவலர்களின் பார்வையில் ஐயத்துக்குரிய இடமாயிற்று. 2012 பிப்ரவரி 15 அன்று ‘என்ரிகா லெக்ஸி’ எண்ணெய்க் கப்பலிலிருந்து இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில் இரு மீனவர்கள் மாண்டனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் குமரி மாவட்டத்துக்காரர். 2020இல் நடுவர் மன்றம், சுட்ட வீரர்களுக்கு விலக்குரிமை உண்டென்றும் இந்தியாவுக்கு இழப்பீடு உரியதென்றும் தீர்த்தது. அபாய எல்லை 2015 டிசம்பரில்தான் 65 பாகைக்குப் பின்வாங்கியது.

2013 அக்டோபரில் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்ட ‘சீமேன் கார்டு ஓஹியோ’ கப்பல் அதே கதையின் மறுபக்கம். கப்பல்களுக்குக் காவலர்களைத் தரும் தனியார் தொழில், ஆயுதங்களைக் கரையிறக்காமல் கடலிலேயே வைத்துக்கொள்ள மிதக்கும் கிடங்குகளை உருவாக்கியிருந்தது. அவ்வகைக் கப்பலான இதிலிருந்த 35 பேருக்கும் தூத்துக்குடி நீதிமன்றம் 2016இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. மறு ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை செய்தது. குற்றத்தைத் தடுக்க வந்த ஏற்பாடே குற்ற வழக்கானது. கடல்சார் பாதுகாப்பு என்பதற்கு எல்லாரும் ஒப்பும் ஒரே பொருள் இல்லை என்று பியூகர் 2015இல் எழுதியது இங்கே வழக்குக் கட்டாகவே கிடக்கிறது.

அவருடைய வகைப்பாட்டை நம் கடலில் பொருத்தும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. பாக் நீரிணையில் இழுவைமடி கடலடியைச் சுரண்டுகிறது. இலங்கை அதை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. வடமாகாணத் தமிழ் மீனவர்களின் வலைகள் தமிழக விசைப்படகுகளால் அறுபடுவதும் உண்மை. ஆனால் இதை வெறும் ‘சுற்றுச்சூழல் குற்றம்’ என்ற பெட்டிக்குள் போட்டால், சிறைக்குப் போவது படகில் பங்குக்கு வேலைக்குச் சென்றவர்தான். கடன் கொடுத்து மீனை எடுத்துக்கொள்ளும் வியாபாரியும், இழுவைமடியை வளர்த்துவிட்ட பழைய மீன்வளக் கொள்கையும் அந்தப் பெட்டிக்குள் வருவதில்லை. கரையின் பொறுப்பைக் கேட்கச் சொன்ன பியூகரின் முறையையே அவரது வகைப்பாட்டின் மீதும் செலுத்த வேண்டும் என்பது என் கருத்து.

அரசுகள் இந்தத் திசையில் ஓரளவு நகர்ந்திருக்கின்றன. கொள்ளையைத் தடுக்க 2009இல் பிறந்த ஜிபூட்டி நடத்தை நெறி, 2017இல் ஜெட்டாவில் திருத்தப்பட்டு, கடத்தலையும் சட்டவிரோத மீன்பிடிப்பையும் தழுவிக்கொண்டது. இந்தியா 2022இல் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. 2024 மார்ச்சில் ‘ரூயன்’ கப்பலை மீட்ட நம் கடற்படை பிடித்த 35 பேர் அச்சட்டத்தின்படியே மும்பையில் ஒப்படைக்கப்பட்டனர். பிடித்தவரை விசாரிக்க வழியின்றிக் கடலிலேயே விட்டுவிட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எனினும் பிடிபட்டவர்கள் குற்றச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள். அவர்களுக்குப் படகும் எரிபொருளும் முன்பணமும் கொடுத்தவர்கள் கரையில் இருக்கிறார்கள். கடலில் கைதானவர்களை எண்ணுவதோடு நிற்காமல், கரையில் ஆதாயம் பெற்றவர்களைத் தேடும் ஆய்வும் விசாரணையும் வளர்ந்தால்தான் இந்தத் துறையின் அறிவு மீனவருக்கும் மாலுமிக்கும் பயன்படும்.