கடன் கொடுப்பவர் யார்? கல்லூரிக் கட்டணமும் சந்தைவாதிகளின் வழக்கும்

கல்லூரிப் படிப்புக்கு அரசு பணம் தரவே கூடாது என்பதுதான் சந்தைப் பொருளாதார அறிஞர்களின் நிலைப்பாடு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதிய ‘கல்வியில் அரசின் பங்கு’ என்ற கட்டுரையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். தொழிற்கல்வியைப் பொறுத்தவரை, அரசு மானியம் தருவதை விட்டுவிட்டு முதலீட்டாளராக வரலாம் என்றே அவர் எழுதினார். இந்த வேறுபாடு சிறியதல்ல. மானியத்தின் மீது சந்தைவாதிகள் சொல்லும் குறை பெருமளவு நிற்கிறது. அவர்கள் முன்வைக்கும் மாற்றோ அரசின் வரித்துறை இல்லாமல் ஓடியதில்லை. அமெரிக்க அனுபவத்தையும் ஆஸ்திரேலிய அனுபவத்தையும் அருகருகே வைத்து இதைக் காட்டலாம்.

குறைகளில் வலுவானது, யாருடைய பணம் யாருக்குப் போகிறது என்பது. 1960ஆம் ஆண்டின் உயர்கல்வித் திட்டத்தில் கலிஃபோர்னியா தன் மாநில மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்ற கொள்கையை உறுதிசெய்தது. ஆனால் அந்த இலவசக் கல்விக்கு மூன்று படிகள் இருந்தன. பள்ளித் தகுதியில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் போகலாம். மற்றவர்களுக்கு ஈராண்டுக் கல்லூரிகள். ஒரு மாணவருக்கு அரசு செலவிட்ட தொகை மேல்படியில்தான் அதிகம். அங்கே படித்தவர்களின் பெற்றோர் வருமானமும் அதிகம். பொருளாதார அறிஞர்களான ஹேன்சனும் வைஸ்ப்ராடும் 1969இல் இதைக் கணக்கிட்டு, இந்தச் செலவு வசதியான குடும்பங்களுக்கே சாதகமானது என்று காட்டினர். மறு ஆண்டே ஜோசப் பெக்மன் அதே தரவுகளை வருமான அடுக்குவாரியாகப் பிரித்து, கட்டிய வரியையும் பெற்ற பலனையும் ஒப்பிட்டு, நேர் எதிரான முடிவுக்கு வந்தார்.

கணக்குமுறையில் பெக்மன் பக்கமே நான் சாய்வேன். ஆனால் இரு தரப்பும் பார்த்தது பெற்றோரின் வருமானத்தை. ஃப்ரீட்மனின் வாதம் தொடுவதோ மாணவரின் எதிர்கால வருமானத்தை. பதினெட்டு வயதில் மருத்துவக் கல்லூரியை நோக்கிப் போகும் ஏழை வீட்டுப் பிள்ளையும், அதே வயதில் பட்டறை வேலைக்குப் போகும் பிள்ளையும் இன்று சமமான ஏழைகளாக இருக்கலாம். இருபது ஆண்டு கழித்து அப்படி இருக்க மாட்டார்கள். பின்னவர் கட்டும் வரியில் முன்னவர் படிப்பது ஏன் என்ற கேள்விக்குப் பெக்மனின் அட்டவணையில் பதில் இல்லை.

இரண்டாவது குறை விலை பற்றியது. ரேகன் அரசின் கல்விச் செயலர் வில்லியம் பென்னட் 1987இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், கூட்டாட்சி அரசின் உதவி கூடக் கூடக் கல்லூரிகள் கட்டணத்தை உயர்த்தி அதைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன என்று எழுதினார். இதை முழுதும் ஏற்பதும் தவறு, முழுதும் தள்ளுவதும் தவறு. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மானிய வட்டிக் கடனின் உச்சவரம்பு ஒரு டாலர் உயர்ந்தால் கட்டணம் ஏறக்குறைய 60 சென்ட் உயர்கிறது என்றது. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களிலோ 2008 நிதி நெருக்கடிக்குப் பின் சட்டமன்றங்கள் நிதியைக் குறைத்ததே கட்டண உயர்வுக்குப் பெரிய காரணம். பென்னட்டின் கூற்று மிகத் தெளிவாகப் பொருந்துவது இலாப நோக்கில் நடக்கும் கல்லூரிகளுக்கு: கூட்டாட்சி உதவி பெறத் தகுதியுள்ளவை, தகுதியில்லாத ஒத்த நிறுவனங்களைவிடச் சுமார் 78 விழுக்காடு அதிகம் வாங்குவதை செல்லினி, கோல்டின் இருவரின் 2014 ஆய்வு காட்டியது. வியாபாரத்துக்கு மிக நெருங்கிய கல்லூரிதான் மானியத்தை மிக வேகமாக விழுங்குகிறது என்பது சந்தைவாதிகளுக்கு அவ்வளவு வசதியான செய்தியல்ல. குற்றம் மானியத்தினுடையது, வியாபாரியினுடையதல்ல என்று அவர்கள் பதில் சொல்வார்கள். பாதி நியாயம்.

சரி, மானியம் வேண்டாம் என்றால் கட்டணத்துக்கு வழி? இங்கேதான் ஃப்ரீட்மன் தன் சீடர்கள் பலரைவிட நேர்மையானவர். வீடு வாங்கக் கடன் கொடுக்கும் வங்கி வீட்டையே பிணையாக எழுதிக்கொள்ளும். படிக்கக் கடன் வாங்குபவரைப் பிணையாக எழுதிக்கொள்ள முடியாது. அவரது வருங்கால வருமானம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எனவே, சந்தையை அப்படியே விட்டால் இத்துறையில் போதிய முதலீடு வராது என்று ஒப்புக்கொண்டார். வட்டிக்குப் பதிலாக வருமானத்தில் ஒரு பங்கு என்ற முதலீட்டு முறையை முன்வைத்தார். ஒரு மனிதரின் சம்பாத்தியத்தில் பங்கு வாங்குவது பகுதி அடிமைத்தனத்துக்கு ஒப்பாகும் என்ற சங்கடத்தையும் அவர் மறைக்கவில்லை.

யேல் பல்கலைக்கழகம் 1971இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வடிவமைப்பில் உதவியவர் ஜேம்ஸ் டோபின், ஃப்ரீட்மனின் எதிர் முகாம்காரர். ஒவ்வோர் ஆயிரம் டாலர் கடனுக்கும் ஆண்டு வருமானத்தில் 0.4 விழுக்காடு, அதே ஆண்டில் சேர்ந்த குழுவின் மொத்தக் கடன் தீரும்வரை, அதிகபட்சம் 35 ஆண்டுகள். சட்டம் படித்த பில் கிளிண்டனும் இதில் சேர்ந்தவர். நன்றாகச் சம்பாதிக்கப்போகிறவர்களுக்கு இது நட்டம், சம்பாதிக்காதவர்களுக்கு இலாபம். பெருவருமானக்காரர்கள் மொத்தமாகக் கட்டி விலகினர். கட்டாமல் நழுவியவர்களின் பாக்கி மற்றவர்கள் தலையில் விழுந்தது. 1978இல் புதிய சேர்க்கை நின்றது. மிச்சமிருந்த கடன்களை யேலே கடைசியில் தள்ளுபடி செய்தது. பெர்டியூ பல்கலைக்கழகம் 2016இல் தொடங்கிய இதே வகைத் திட்டமும் 2022இல் நிறுத்திவைக்கப்பட்டது.

யேல் தோற்ற இடத்தில் வென்றது ஆஸ்திரேலியா. 1974இல் விட்லம் அரசு ஒழித்த கட்டணத்தை 1989இல் இன்னொரு தொழிற்கட்சி அரசே திரும்பக் கொண்டுவந்தது. பொருளாதார அறிஞர் புரூஸ் சாப்மன் வகுத்த திட்டப்படி, ஆண்டுக்கு 1,800 ஆஸ்திரேலிய டாலர். படிக்கும்போது கட்ட வேண்டாம். வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே வரித்துறை பிடித்துக்கொள்ளும். யேலுக்கு இல்லாத இரண்டு இங்கே இருந்தன: வருமானத்தை அறியும் அதிகாரம், தவிர்க்க முடியாத வசூல். திட்டத்தின் தந்தை ஃப்ரீட்மன் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் அரசு மானியம் அங்கே தொடர்ந்தது. ஆனால் 1955 கட்டுரையிலேயே, இந்தத் தவணையை வருமான வரியோடு சேர்த்து வசூலித்தால் செலவு குறையும் என்று அவர் குறித்திருந்தார். தனியார் முதலீடே போதும் என்போர் இந்தப் பகுதியைக் கண்டுகொள்வதில்லை.

அமெரிக்க அரசோ யேல், ஆஸ்திரேலியா இரண்டிலும் சேராத வழியில் போனது. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் கடன் கொடுத்தது வங்கி; நட்டத்தைத் தாங்கியது அரசு. இலாபம் தனியாருக்கு, இடர் பொதுமக்களுக்கு என்ற இந்த ஏற்பாடு 2010 வரை நீடித்தது. அதைச் சந்தை என்று அழைத்த எவரையும் ஃப்ரீட்மன் திருத்தியிருப்பார். 1998இலிருந்து கூட்டாட்சிக் கல்விக் கடனைத் திவால் மனு மூலம் தீர்ப்பதும் ஏறக்குறைய முடியாததாகிவிட்டது.

2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், பட்டமேற்படிப்பு மாணவர்கள் கட்டணம் முழுவதற்கும் அரசிடம் கடன் வாங்க வழிசெய்த திட்டத்தைப் புதிய மாணவர்களுக்கு 2026 ஜூலை முதல் மூடுகிறது; தொழில்சார் படிப்புகளுக்கு மொத்த உச்சவரம்பு 2,00,000 டாலர். பென்னட் சொன்னது சரியானால் மருத்துவ, சட்டக் கல்லூரிகளின் கட்டணம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இடைவெளியை நிரப்பப்போவது தனியார் கடன். அக்கடன் கொடுப்போர் பெரும்பாலும் கேட்பது உடன் கையெழுத்திட ஒருவரை: வருமானமுள்ள தந்தையோ தாயோ. அப்படி ஒருவர் இல்லாத மாணவருக்காகவே ஃப்ரீட்மன் 1955இல் அரசை முதலீட்டாளராக அழைத்தார்.