இரண்டு மாடம்பாக்கங்களும் ஒரு தேடல் பெட்டியும்

தென்சென்னைப் புறநகரில் மாடம்பாக்கம் என்று இரண்டு ஊர்கள் உண்டு. ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி வரும் எங்கள் மாடம்பாக்கத்துக்கு அஞ்சல் குறியீடு 600126. தேனுபுரீஸ்வரர் கோயில் இருப்பது இங்கேதான். மற்றது கூடுவாஞ்சேரிப் பக்கம், ஆதனூரை ஒட்டி இருக்கிறது. டிடிபி என்ற கணினி அச்சுக்கோப்பு வேலையில் தொடங்கி இணையதளம் செய்வதற்கு வந்தவன் நான். எஸ்.இ.ஓ., அதாவது தேடுபொறியில் பக்கத்தை முன்னே கொண்டுவரும் வேலை, கற்க என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, இந்த இரண்டு ஊர்களையும் கூகுளுக்குப் பிரித்துக் காட்டுவது. எங்கள் ஊர்த் தையல் கடைக்கு ஒரு பக்கம் எழுதினால், அதைத் தேடுகிறவர் கூடுவாஞ்சேரியில் போய் இறங்கக் கூடாது.

இது இணையத்தோடு வந்த சிக்கல் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் ஊர்ப்பெயரைத் தனியே சொல்லி விடுவதில்லை. ஜயங்கொண்ட சோழ மண்டலம், அதில் இன்ன கோட்டம், அதில் இன்ன நாடு என்று இறங்கி வந்த பிறகுதான் ஊர் வரும். நிலம் என்றால் நான்கு எல்லையும் வரும். எங்கள் கோயிலும் சோழர் காலத்ததுதான். படுத்த யானையின் முதுகைப் போன்ற தூங்கானை மாட விமானம் கொண்ட அது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர் இருக்கும், சுற்றியுள்ளதைச் சொன்னால்தான் இடம் பிடிபடும் என்பது கல்லில் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தமிழுக்கு இணையத்தில் வந்த தொல்லை வேறு வகை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக. அதே ஆண்டு டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. 1998-ல் கூகுள். தேடுபொறிகள் இப்படி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் டிடிபி கடைகளில் தமிழ் பாமினி எழுத்துருவிலும் ஸ்ரீலிபி மென்பொருளிலும் ஓடிக்கொண்டிருந்தது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கோப்புக்குள் பதிவாவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குப்பை. தேடுபொறிக்கு எழுத்துரு தெரியாது, உள்ளே பதிவான குறியீடு மட்டும்தான் தெரியும். ஆகவே அது பார்த்தது அந்தக் குப்பையைத்தான்.

பல பத்திரிகைகள் தங்களுக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறக்க முடியாது. நாள்தோறும் ஏறிய செய்தி, கதை, தலையங்கம் எதையும் தமிழில் தேடி எடுக்க வழியில்லை. இத்தனை பேர் உழைத்து எழுதியது கண்முன்னே இருந்தும் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

சரிசெய்யப் பலர் பாடுபட்டார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், யூனிகோடுக்கு மாறும் முன் பழைய நூல்களை டிஸ்கி குறியீட்டில் ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டேப் குறியீடுகளையும் தந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகுதான் அது சாதாரணக் கணினிக்கு இறங்கியது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா, 2004-ல் வலைப்பதிவுகளைத் திரட்டும் தமிழ்மணம். வலைப்பதிவர்கள் யூனிகோடில் எழுத எழுத, தேடல் பெட்டியில் தமிழில் அடித்தால் தமிழில் விடை வரத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல். தமிழில் எஸ்.இ.ஓ.வின் தொடக்கத்தை நான் இந்த யூனிகோடு மாற்றத்தில்தான் வைப்பேன். கூகுளின் எந்த அறிவிப்பையும்விட எழுத்து படிக்கக்கூடியதாக ஆனதுதான் நமக்குப் பெரிய திருப்பம்.

அதற்குள் ஆங்கிலத்தில் இந்தத் தொழில் குறுக்கு வழியெல்லாம் பார்த்துவிட்டது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களைக் கொட்டுவது, பக்கத்தின் நிரலுக்குள் மறைந்திருக்கும் கீவேர்டு மெட்டா டேகில் ஊரிலுள்ள சொல்லையெல்லாம் அடைப்பது, காசு கொடுத்து இணைப்பு வாங்குவது. அந்த மெட்டா டேகை வரிசைப்படுத்தலுக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் சொன்னது. 2011 பிப்ரவரியில் பாண்டா, 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றங்கள் வந்தன. முதலாவது சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது, இரண்டாவது போலி இணைப்புகளை. தாம்பரம் பக்கம் வாடகை அறைகளில் உட்கார்ந்து, வெளிநாட்டுத் தளங்களுக்கு நாள் முழுதும் இணைப்பு ஒட்டிக் கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அத்தோடு அந்த வேலை போயிற்று. அவர்கள் கற்ற வித்தையில் எதுவும் தங்கவில்லை. வித்தையென்று யாராவது விற்றால் புதியவர்கள் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

தங்கியது எளிய பகுதி. 2008 நவம்பரில் கூகுள் தொடக்கநிலையினருக்கு ஒரு கையேடு வெளியிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு, தெளிவான முகவரி, பயனுள்ள எழுத்து என்று அது சொன்ன அடிப்படைகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. என்னிடம் வருகிறவர்கள் தையல் கடைக்கு எழுதும் பக்கத்தில் தலைப்பிலேயே ஊர் வரும், 600126 வரும், அருகிலுள்ள இடங்களாகச் சேலையூர், தாம்பரம் கிழக்கு என்று வரும். 2021 நவம்பர் 3 அன்று எங்கள் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் 'தாம்பரம் மாநகராட்சி' என்ற சொல்லும் சேரும். அதே மாதம்தான் கடைகளைப் பதியும் கூகுள் மை பிசினஸ், பிசினஸ் புரொஃபைல் என்று பெயர் மாறியது. கடைக்கு அதில் ஒரு பதிவு வேண்டும். பிறகு கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து, மக்கள் உண்மையில் என்ன அடித்துத் தேடினார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் ஏராளம் என்பது அங்கேதான் தெரியும். விளைவு தெரிய மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

பழைய நோய் இன்னும் முழுதாகத் தீரவில்லை. கடைக்காரர்கள் தமிழ் நோட்டீசைப் படமாகவே ஏற்றுகிறார்கள். எத்தனையோ கோயில் மலர்களும் பள்ளி ஆண்டுமலர்களும் பாமினிக் கோப்புகளாக யாரோ ஒருவர் கணினியில் கிடக்கின்றன. படிக்கிற உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால், முதல் எஸ்.இ.ஓ. வேலைக்கு வேறு எதையும் தேடாதீர்கள். அதை யூனிகோடுக்கு மாற்றி, ஊர்ப்பெயரும் அஞ்சல் குறியீடும் சேர்த்து இணையத்தில் ஏற்றுங்கள்.