துச்சில் இருப்போரின் வாயிலுரிமை

கொல்லிமலையைப் பற்றிய பழஞ்செய்திகளுள் கொல்லிப்பாவை பற்றியது தனிச் சிறப்புடையது. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைநூல்கள் அப்பாவையை எழிலின் எல்லையாகக் கொண்டு தலைவிக்கு உவமை கூறுகின்றன. பிற்காலத்து வழங்கிய கதையோ அதற்குக் காவல் தொழிலை அளிக்கின்றது. மலையில் உறையும் முனிவரை நலிய வருவோரைத் தன் நகையால் மயக்கி மாய்ப்பது அப்பாவை என்பது கதை. உறைவோரின் அமைதியை அழையாது புகுவோரிடமிருந்து காத்தல் வேண்டும் என்னும் எண்ணமே இக்கதையின் உள்ளீடு எனலாம். முனிவர்க்குப் பாவை காவலாயிற்று. பிறர் மனையில் கூலி கொடுத்து வாழ்வார்க்குக் காவல் யாது? வீட்டுக்குடையவர் ‘பார்வையிட வந்தேன்’ என்று அடிக்கடி வாயிலில் வந்து நிற்பாராயின், குடியிருப்பவர் அவரைத் தடுத்தற்கு உரியரா? இவ்வுரிமை எங்ஙனம் தோன்றி எவ்வளவு வளர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல் காட்டும் நிலை

சொந்த இல்லத்தையும் ஒதுக்கிடத்தையும் தமிழ் இரு சொற்களாற் பிரித்துக் காட்டுகின்றது. என்றும் நிலையாக இருத்தற்குரிய இல்லம் ‘புக்கில்’. சிறிது காலம் ஒதுங்கியிருக்கும் இடம் ‘துச்சில்’. திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் இவ்விரு சொற்களும் ஒரே குறளில் எதிரெதிராக நிற்கின்றன. அங்கு உயிர், உடம்பாகிய வீட்டில் ஒதுங்கியிருக்கும் குடியாக உருவகிக்கப்படுகின்றது.

பரிமேலழகர் இதற்குக் கூறும் விளக்கம் நுட்பமானது. உடம்பை அவர் வாதம் முதலிய நோய்களின் இல்லமாகக் கொள்கின்றார். அந்நோய்கள் இசைந்திருக்கும் வரையில் உயிர் அங்கு இருக்கும். அவை சினந்தபோது வெளியேறும் என்பது அவர் கருத்து. தத்துவம் உரைக்கப் புகுந்த உரையாசிரியர், தம் காலத்துக் குடியிருப்போர் நிலையையும் இங்கு நமக்குக் காட்டிவிடுகின்றார். உடையவர் இசைந்தால் இருப்பு, வெகுண்டால் வெளியேற்றம் என்பதே அந்நிலை. குடியிருப்போர்க்குத் தமக்கென ஓர் உரிமை உண்டு என்னும் நினைவு அவ்வுவமையில் இல்லை. ‘குடிக்கூலி’ என்னும் பழஞ்சொல்லும் கொடுக்கவேண்டிய கடமையைச் சொல்கின்றதேயன்றிப் பெறவேண்டிய அமைதியைச் சொல்லவில்லை.

2. புகாமை என்னும் சிறப்புரிமை

பழைய ஆவணங்களில் ‘புகாமை’ ஓர் உரிமையாகவே வழங்கியது. ஆயினும் அது எல்லார்க்கும் உரியதன்று. பல்லவ மன்னன் சிவஸ்கந்தவர்மன் இளவரசனாயிருந்தபோது காஞ்சியிலிருந்து வழங்கிய மயிதவோலுச் செப்பேடு பிராகிருத மொழியில் அமைந்தது. அந்தணர் இருவர்க்கு ஓர் ஊரைக் கொடுத்த அவன், அவ்வூர்க்குச் சில விலக்குகளையும் அளித்தான். படைவீரர் அதனுட் புகலாகாது; சோறு, நீர்க்குடம், கட்டில், உறையுள் ஆகியவற்றை அவ்வூரார் கொடுத்தல் வேண்டா என்பன அவற்றுட் சில.

இவ்விலக்குகளை எதிர்நிலையில் வைத்து நோக்குதல் வேண்டும். இவை சில ஊர்களுக்குத் தனியே கொடுக்கப்பட்டன என்பதனால், இவை கிடைக்காத ஊர்களில் அரசியல் ஆட்கள் புகுந்து உணவும் கட்டிலும் தங்குமிடமும் பெறுதல் வழக்கமாயிருந்தது என்பது தெளிவு. தன் வாயிலைத் தானே காத்துக்கொள்ளுதல் அந்நாளில் மன்னன் தரும் கொடையாக இருந்தது. மாந்தர்க்கு இயல்பாக அமைந்த உரிமையாக இருக்கவில்லை.

வாடகைக் குடியைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பழைய நூல் கௌடிலீயம். ஷாமசாத்திரியார் 1909 ஆம் ஆண்டில் மைசூரிற் பதிப்பித்த அந்நூல், வெளியேறுமாறு சொல்லியும் போகாத குடிக்குப் பன்னிரண்டு பணம் தண்டம் விதிக்கின்றது. கூலி கொடுத்துவிட்ட குடியை வெளியேற்றும் உடையவர்க்கும் அதே பன்னிரண்டு பணம் தண்டம். திருட்டு, வன்செயல் முதலிய குற்றங்கள் செய்த குடிக்கு இப்பாதுகாப்பு இல்லை. இருபாலார்க்கும் ஒரே அளவான தண்டம் விதித்தமை பாராட்டத்தக்கது. எனினும் இங்கும் காக்கப்படுவது இருப்பே. இருப்பின் அமைதி பேசப்படவில்லை.

3. 1882 ஆம் ஆண்டுச் சட்டம்

1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108 ஆம் பிரிவு உடையவர்க்கும் குடிக்கும் உள்ள கடமைகளை வகுக்கின்றது. அதில் இரு கூறுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதன. வாடகையைச் செலுத்தி ஒப்பந்தக் கடமைகளைச் செய்துவரும் குடி, குறித்த காலம் முடியும் வரையில் இடையூறின்றித் துய்க்கலாம் என்று உடையவர் உறுதி கூறியதாகக் கொள்ளப்படும் என்பது ஒன்று. உடையவரும் அவர்தம் ஆளும் தகுந்த நேரங்களில் உட்புகுந்து கட்டடத்தின் நிலையைப் பார்வையிடக் குடி இடங்கொடுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

ஒரே பிரிவு ஒரு கையால் வாயிலை அடைத்து மறுகையால் திறக்கின்றது. இரண்டிற்கும் இடையே நிற்பது ‘தகுந்த நேரம்’ என்னும் தொடரே. ஒழுகும் கூரையைப் பார்ப்பதும், பழுதான மின்கம்பியை மாற்றுவதும் உடையவர்க்குரிய நியாயமான தேவைகள். இவற்றை மறுக்கும் குடி தன் கடமையினின்று தவறியதாகும். ஆனால் கிழமைதோறும் வந்து அடுக்களையையும் படுக்கையறையையும் நோட்டமிடுதல் பார்வையிடலாகுமா? ‘நேரம்’ என்ற சட்டம் ‘எத்துணை முறை’ என்பதைக் கூறாது விட்டது. ஆயினும் இடையூறின்றித் துய்த்தலைப் பற்றிய கூற்றோடு இணைத்துப் படிப்பின், அமைதியைக் குலைக்கும் அளவிற்குப் பெருகிய வருகை தகுதியுடையதாகாது என்று கொள்வதே பொருத்தம்.

4. வாடகைச் சட்டங்களின் நோக்கம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரங்களில் வீடு அரிதாயிற்று. 1941 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அதன்பின் 1946, 1949, 1960 ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டன. மிகை வாடகையைத் தடுத்தல், காரணமின்றி வெளியேற்றுதலைத் தடுத்தல் என்னும் இரண்டுமே அவற்றின் முதன்மை நோக்கங்கள். குடி துய்த்துவரும் வசதிகளை உடையவர் தடைசெய்தலாகாது என்று 1960 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது ஒரு முன்னேற்றமே. தண்ணீரை நிறுத்திக் குடியைத் துரத்துதல் இதனால் குற்றமாயிற்று. அடிக்கடி வந்து நின்று மனம் வெறுக்கச் செய்து துரத்துதல் இதனுள் எளிதில் அகப்படவில்லை.

இக்காலத்தில் வீட்டின் அமைதி வேறொரு வழியில் உச்சநீதிமன்றத்தில் வலிமை பெற்றது. உத்தரப் பிரதேசக் காவல்துறையினர் கண்காணிப்பு என்னும் பெயரால் இரவில் வீடு தேடிவந்து கதவைத் தட்டுதலைக் கரக் சிங் என்பார் எதிர்த்து வழக்காடினார். 1962 டிசம்பரில் அவ்விரவு வருகைக்கு இடந்தந்த விதி செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையைச் சேர்ந்த நீதிபதி இராசகோபால ஐயங்கார். 2017 ஆகஸ்டு 24 ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையென உறுதிசெய்தது. இத்தீர்ப்புகள் அரசை நோக்கியவை; வீட்டுக்குடையவரை நேரே கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் வீட்டின் அமைதி என்பது அங்கு வாழ்வாரைச் சார்ந்தது, கட்டடத்துக்கு உடையாரைச் சார்ந்ததன்று என்னும் உணர்வை இவை வளர்த்தன.

5. இருபத்துநான்கு மணி நேரம்

2017 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, உடையவர், குடி ஆகிய இருவர்தம் உரிமைகளையும் பொறுப்புகளையும் வகுத்தது. உட்புக விரும்பும் உடையவர் இருபத்துநான்கு மணி நேரத்திற்கு முன்னர் எழுத்தால் அறிவித்தல் வேண்டும். வருகையின் காரணத்தையும் நாளையும் நேரத்தையும் அதிற் குறித்தல் வேண்டும். பழுதுபார்த்தல், வாழ்தற்கேற்ற நிலையில் வீடு உள்ளதா என நோக்குதல், ஒப்பந்தத்திற் குறித்த பிற நியாயமான காரணம் என்பனவே அதற்குரிய நிமித்தங்கள். வழக்குகளைத் தீர்க்க வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்னும் மூன்று படிகளும் அமைக்கப்பட்டன.

மன்னன் சிலர்க்கு அளித்த கொடை, இவ்வாறு கூலி கொடுத்து வாழ்வார்க்கும் உரிய உரிமையாயிற்று. ஆயினும் ஒரு குறை எஞ்சியுள்ளது. அறிவிப்பு வேண்டும் என்பதனால் திடீர் வருகை தடைப்படும். முறையாக அறிவித்துக்கொண்டே மீண்டும் மீண்டும் வருதல் அதனால் மட்டும் தடைப்படாது. எண்ணிக்கைக்கு எல்லை வகுப்பது ஒப்பந்தத்தின் கையிலேயே உள்ளது. ஆண்டிற்கு எத்தனை முறை பார்வையிடலாம், எந்நேரத்தில், யார் உடனிருக்க என்பவற்றை எழுதிக்கொண்டால் இருவர்க்கும் நலம்.

வாடகைச் சட்டங்கள் நகரை நோக்கிப் பிறந்தவை என்பதையும் மறத்தலாகாது. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பணியின்பொருட்டுக் கொல்லிமலைக்கு ஏறிச் செம்மேட்டிலோ வேறோர் ஊரிலோ வாடகைக்கு அமரும் ஆசிரியரும் செவிலியரும் தமக்குச் சட்டமே இல்லை என்று எண்ணுதல் வேண்டா. 1882 ஆம் ஆண்டுச் சட்டம் மலைக்கும் உண்டு. ஆனால் அதன் 108 ஆம் பிரிவு, மாறான ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாதவிடத்தே பொருந்துவது. ஆதலின் வாய்மொழியால் வீடு பேசி முடிக்கும் இடங்களில் குடியின் வாயில் வழக்கத்தின் கையில் நிற்கின்றது. ஒரு தாளில் எழுதிய நான்கு வரி அவ்வாயிலுக்குத் தாழ்ப்பாளாகும். வீடு உடையவரதாயினும் அதனுள் நிகழும் வாழ்க்கை குடியினுடையது என்பதை இருவரும் ஏற்று எழுதும் நாளில், துச்சிலும் ஓரளவு புக்கிலாகும்.