வயாவும் மசக்கையும்

கருவுற்ற முதல் மாதங்களில் தோன்றும் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், உணவின்மேல் வெறுப்பு, புளிப்பின்மேல் விருப்பம் ஆகிய அனைத்தையும் இன்றைய தமிழ் மசக்கை என்னும் ஒரே சொல்லுள் அடக்குகிறது. மயங்குதல் என்பதோடு உறவுடைய மசங்கு, மசக்கு என்னும் வினைகளின் வழியில் வந்த சொல் இது. முயல் முசலாகவும் உயிர் உசிராகவும் பேச்சில் வழங்குவதுபோல, யகரம் சகரமாகத் திரியும் இயல்பு இதிலும் காணப்படுகிறது. ஒளி மங்கும் அந்திப் பொழுதை மசங்கல் என்பதும் இக்குடும்பத்து வழக்கே. எனவே இப்பெயர் உடலின் தெளிவு குன்றிய சோர்வை அடிப்படையாகக் கொண்டது எனலாம்.

இதனினும் பழைய பெயராகிய வயா வேறொரு கோணத்திலிருந்து பிறந்தது. தொல்காப்பிய உரியியல் அதற்கு வேட்கைப் பெருக்கம் என்று பொருள் கூறுகிறது. கன்னடத்தில் விருப்பத்தையும் கருவுற்றவளின் ஆசையையும் குறிக்கும் பயகெ என்னும் சொல் இதற்கு இனமானது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று 20ஆம் பாடலில், பகைவர் கொள்ள முடியாத அவன் நாட்டு மண், வயவுற்ற மகளிர் விரும்பியுண்ணும் பொருளாக மட்டும் பேசப்படுகிறது. குறுந்தொகை 287ஆம் பாடலோ நீர் சுமந்த மேகத்தைப் பசும்புளிக்கு ஏங்கும் சூல்மகளிரோடு ஒப்பிடுகிறது. மண்ணும் புளியும் வேண்டும் அந்த வேட்கை இன்றும் மாறவில்லை. மண், சாம்பல் போன்றவற்றை உண்ணும் ஆசை இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது என்பதால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவதே நல்லது.

பழைய பெயர் வேட்கையையும் பிந்தைய பெயர் மயக்கத்தையும் முன்னிறுத்தின. இவற்றோடு வரும் குமட்டலின் காரணத்தை அண்மைக்கால அறிவியல் ஓரளவு விளக்கியுள்ளது. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்னும் இயக்குநீர் மூளைத்தண்டில் செயற்பட்டுக் குமட்டலைத் தூண்டுகிறது என்பதும், கருவுறுமுன் அதன் அளவு குறைவாக இருந்த பெண்கள் மிகுதியாகத் துன்புறுகின்றனர் என்பதும் 2023இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில் தெரியவந்தன. பெரும்பாலோருக்கு 6ஆம் வாரமளவில் தொடங்கும் இத்துன்பம் 9ஆம் வாரத்தையொட்டி உச்சமடைந்து, 16ஆம் வாரத்துக்குள் தணிகிறது. வயிறு வெறுமையாகாதபடி சிறிது சிறிதாக அடிக்கடி உண்பதும், படுக்கையை விட்டு எழுமுன் உலர்ந்த உணவு சிறிது கொள்வதும், இஞ்சி சேர்ப்பதும், குமட்டும் மணங்களை விலக்குவதும் பலருக்கு ஆறுதல் தருகின்றன.

கேட்டதைச் சமைத்துத் தரவும் வேலையைக் குறைக்கவும் வீட்டாரைத் தூண்டுவது மசக்கை என்னும் சொல்லின் நற்பயன். ஆனால் ‘மசக்கைதானே’ என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் அதுவே இடந்தருகிறது. தண்ணீரும் வயிற்றில் தங்காமை, சிறுநீர் குறைந்து நிறம் அடர்தல், கருவுறுமுன் இருந்த எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இழத்தல் ஆகியவை மிகைவாந்தி என்னும் நோயின் அறிகுறிகளாதலால், அந்நிலையில் பொறுத்திருக்கச் சொல்வது தவறு. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே குடும்பத்தின் கடமை.