தோட்டத்து வரலாற்றை யார் எழுதுவது?



தெலுக் பங்லிமா காராங்குக்குத் தெற்கே ஜுக்ரா. 1898இல் மறைந்த சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறை அங்கே போற்றப்படுகிறது. அது முறைதான். மேற்கே பாலம் தாண்டினால் கேரித் தீவு. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற தோட்ட முதலாளியின் பெயர் நிலைத்துவிட்டது. பெரட்டுக்களத்தில் நின்று, பால்மரம் வெட்டிய நம்மவர் பெயர் எங்கே?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். வழிநடத்திய ஆர். எச். நாதன் அந்த மே மாதம் கைதாகி, பின்னர் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

கட்டடம் மட்டுமே பாரம்பரியம் என்று எண்ணாதீர்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம் பாடலையும் வாய்மொழி மரபையும் சேர்த்தே பேசுகிறது. அப்படியானால் பாட்டி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் நாட்டின் சொத்துதான்.

லயங்கள் இடிந்து தொழிற்பேட்டைகள் எழும் காலம் இது. கோயில் கணக்கேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய நிழற்படம் எதையும் வீசாதீர்கள். வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் கைப்பேசியிலாவது பதிந்து வையுங்கள். நாம் எழுதாவிட்டால், நம் வரலாற்றை வேறு யார் எழுதுவார்?