அக்காவின் நோட்டும் கோல்ட்மார்க் அறிக்கையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். தொண்ணூறுகளில் எங்க அக்கா நர்சிங் டிப்ளமோ படிச்சா. லீவுக்கு வந்தா தூங்குவா, சாப்பிடுவா, மறுபடி தூங்குவா. "என்னடி சொல்லித் தர்றாங்க?"ன்னு அம்மா கேட்டா, "பெட்ஷீட் மாத்த"ம்பா. நைட் டியூட்டி முடிச்சு நேரா கிளாஸ். வார்டில் ஆள் குறைஞ்சா கிளாஸே கிடையாது.

இதே கதை அமெரிக்காவில் 1923லேயே அச்சாகியிருக்கு மக்களே! ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1919ல் ஒரு குழு போட்டது. தலைவர் யேல் பேராசிரியர் வின்ஸ்லோ. வேலையைச் செஞ்சது ஜோசஃபின் கோல்ட்மார்க். இந்தம்மா நர்ஸே இல்லை. தொழிலாளர்களோட வேலை நேரத்தையும் களைப்பையும் ஆராய்ஞ்சவர். ஓரிகன் மாநிலத்தில் சலவைக்கூடப் பெண்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல வேலை கூடாதுங்கிற சட்டம் 1908ல் உச்சநீதிமன்றத்தில் நிலைச்சதே, அந்த வழக்குக்கு ஆதாரம் திரட்டிக் கொடுத்தவர் இவர்தான்.

பொது சுகாதார நர்சுகளுக்கு என்ன படிப்பு வேணும்ங்கறதுதான் முதல் கேள்வி. அடிப்படைப் பயிற்சியைப் பார்க்காம அதுக்குப் பதில் சொல்ல முடியாதுன்னு ஆனதும், 23 ஆஸ்பத்திரிப் பள்ளிகளுக்குள்ள நுழைஞ்சாங்க. தொழிற்சாலையைப் பார்த்த அதே கண்ணோட வார்டைப் பார்த்திருக்கார் கோல்ட்மார்க். கத்துக்கிட்ட வேலையையே மாசக்கணக்கா திரும்பத் திரும்ப செய்யற மாணவிகள். காரணம் எளிசு: ஆஸ்பத்திரியே அவங்க உழைப்பில்தான் ஓடுது. இந்தத் தேவையில்லாத வேலையை எடுத்துட்டா 28 மாசத்திலேயே படிப்பை முடிக்கலாம்னு அறிக்கை சொல்லிச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அதே 1923ல் யேலில் தனி நர்சிங் பள்ளி வந்தது. மத்த ஊர்களில் பழைய கதை ரொம்ப காலம் ஓடிச்சு.

அப்புறம் 80 வருஷம் தாண்டி 2003. லிண்டா எய்கன் குழு, பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்ட 2,32,342 பேரோட கணக்கை எடுத்தாங்க. பட்டம் படிச்ச நர்சுகளோட பங்கு 10% கூடின இடத்தில், நோயாளி 30 நாளுக்குள் இறக்கற வாய்ப்பு 5% குறைவு. (இது தொடர்புதான், காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா 2014ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தப்பவும் அதே திசைதான், 7%.) இன்னொண்ணும் அந்த 2003 ஆய்வில் இருக்கு: எத்தனை வருஷ அனுபவம்ங்கறது தனியா வித்தியாசம் எதையும் காட்டலை.

இதை அக்காகிட்ட சொல்லியிருக்கக் கூடாது. 25 வருஷத்துக்கு மேல வார்டில் நின்னவ. "அப்ப நான் பார்த்தவங்கெல்லாம்?"னா. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிகளை ஒப்பிட்ட கணக்கு அது, ஒரு ஆளை எடை போட இல்லைன்னு சமாளிச்சேன். அது உண்மையும்கூட. வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் 1946லேயே வந்தாச்சு, ஆனா எங்க வீட்டு நிலைமைக்கு ஸ்டைபண்ட் வர்ற டிப்ளமோதான் சரிப்பட்டது.

போன வாரம் பரணில் அவளோட முதல் வருஷ உடற்கூறியல் நோட்டு கிடைச்சது. அழகான கையெழுத்து, இதயம் வரைக்கும் கலர் பென்சில் படம். அதுக்கப்புறம் எல்லாம் வெள்ளைத்தாள். "அந்த மாசம் வார்டில் ஆள் இல்லடா"ன்னு சொல்லிட்டு நோட்டை வாங்கி வச்சுக்கிட்டா.